கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், அங்கே கவுண்டரில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 30 வருடத்துக்குக் கிட்ட குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் சைக்கிளோடு, "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து போய்த்தான் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தேன், தாய்மாரோடு பேசினேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்னை இன்னும் "மிஸ்" என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் சனம் பிள்ளைக்குச் சுகமில்லை என்றதும் முதலில் வருவது உங்களிடம்தான். வயலுக்கோ கூலி வேலைக்கோ போன தகப்பன் பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளை வாடிக் கிடக்கும். கடைசி பஸ் போயிருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்கு வந்து, "தம்பி, புள்ளைக்கு வயித்தால போகுது, சத்தியும் எடுக்குது. நல்ல மருந்தாப் பார்த்துத் தாங்க" என்று உங்கள் முன்னால் நிற்பார். பிள்ளை வீட்டில் இருக்கும். நீங்கள் பார்க்காத ஒரு பிள்ளைக்கு, இரண்டே நிமிடத்தில் நீங்கள் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

போன மாரிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வீடு, ஒன்பது மாதப் பெண் பிள்ளை. தண்ணீர் போல வயிற்றோட்டம். தகப்பன் ஒரு மருந்துக்கடைக்குப் போனார். எந்தக் கடை என்று எழுத மாட்டேன். எந்தக் கடையாகவும் இருந்திருக்கலாம் என்பதுதான் என் கவலை. ஒரு அன்ரிபயோட்டிக் பாணி, சத்தியை நிறுத்த ஒரு பாணி, வயிற்றோட்டத்தை மறிக்க ஒரு மருந்து, "தெம்புக்கு" ஒரு பெட்டி குளுக்கோஸ் மா. ஒன்றரை நாள் கூலி அதோடு சரி. அந்தப் பையில் இல்லாதது ஒன்றே ஒன்று, வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பும் குளுக்கோஸும் கலந்த பைக்கற், ஜீவனி. அந்தப் பையிலேயே ஆக மலிவானதாக இருந்திருக்க வேண்டியதும் அதுதான்.

மூன்றாம் நாள் தற்செயலாக அந்த வளவுக்குப் போனேன். அம்மம்மாவின் மடியில் பிள்ளை கிடந்தது. கண் குழிவிழுந்து, உச்சிக்குழி உள்ளே இறங்கி, அழுகிறது ஆனால் கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், மெல்ல மெல்லத்தான் பழைய இடத்துக்குப் போனது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. "பல் முளைக்குது மிஸ், அதான்" என்றார் அம்மம்மா. பாலையும் குறைத்திருந்தார்கள், வயிறு ஆறட்டும் என்று. குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கக் கொடுக்க வயிற்றால் போவதும் கூடியிருந்தது. ஒரு ஓட்டோவைப் பிடித்து, போகிற வழியெல்லாம் கரண்டி கரண்டியாக ஜீவனியைப் பருக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நான்கு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். இப்போது அவள் நடந்து திரிகிறாள், எனக்கு அதுவே போதும். ஆனால் அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

8 கிலோ எடையுள்ள பிள்ளை ஒன்றின் உடம்பிலிருந்து 800 மில்லிலிட்டர் தண்ணீர் போனாலே அது கடும் நீரிழப்பு, உயிருக்கு ஆபத்து. ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் கூட நிறையாது. வயிற்றோட்டம் பிள்ளையைக் கொல்வது இந்தத் தண்ணீரையும் உப்பையும் எடுத்துத்தான். பெரும்பாலும் கிருமி தானாகவே சில நாளில் போய்விடும். அதுவரைக்கும் போனதைத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை தப்பிவிடும்.

குளுக்கோஸ் மாவுக்கும் ஜீவனிக்கும் என்ன வித்தியாசம் என்று கடையில் நிற்கும் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கள் சிறுகுடலின் சுவரில் உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து ஒன்றாக உள்ளே எடுக்கும் வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் கைகோத்து வந்தால்தான் அந்த வாசல் திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். கடும் வயிற்றோட்டத்திலும் இந்த வாசல் பெரும்பாலும் பழுதாவதில்லை. ஜீவனியில் உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் இருப்பது இதற்காகத்தான். உப்பு இல்லாத வெறும் குளுக்கோஸைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால், அந்த இனிப்பு குடலுக்குள்ளேயே நின்று உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். சோடாவும் பெட்டியில் வரும் பழச்சாறும் அப்படித்தான். பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று நினைத்து வாங்கிக் கொடுப்பதே பிள்ளையை வற்றச் செய்கிறது.

இந்த உப்புத் தண்ணீரின் கதை எங்களுக்கு அந்நியமானது இல்லை. 1971இல் வங்காளதேச யுத்தத்தில் எல்லை தாண்டி வந்த சனம் இந்தியாவின் பன்காவ் முகாமில் நிறைந்திருந்தது, வாந்திபேதி பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சேலைன் முடிந்துபோன நேரத்தில், திலீப் மஹாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோஸும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரைப் பெரிய பாத்திரங்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் வீட்டுக்காரர் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். முப்பது வீதம் வரை இருந்த சாவு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் தாதியர் கூட இல்லை, தாய்மாரும் அண்ணன் தம்பிமாரும்.

2007இல் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் கிடந்த நாட்களில் நான் செய்ததும் அதே வேலைதான். ஒரு வாளி, ஒரு லீட்டர் அளக்கும் போத்தல், ஒரு கரண்டி. தாய்மாரை வட்டமாக இருத்திக் கரைத்துக் காட்டினேன். முகாமில் செய்ய முடிந்தது என்றால், விளக்கும் மின்விசிறியும் உள்ள உங்கள் கடையிலும் முடியும்.

அதனால் என் முதல் கேட்பு இது. வயிற்றோட்டம் என்று யார் வந்து நின்றாலும், வேறு எதையும் எடுக்கும் முன் ஜீவனிப் பைக்கற்றை எடுத்துக் கவுண்டரில் வையுங்கள். வைத்துவிட்டு எப்படிக் கரைப்பது என்று வாயால் சொல்லுங்கள். ஏனென்றால் பாதிப் பேர் அதைப் பிழையாகத்தான் கரைக்கிறார்கள். ஒரு கோப்பைத் தண்ணீரில் பாதிப் பைக்கற், பிறகு இன்னொரு கோப்பையில் மீதி என்று கரைத்தால் உப்புக் கூடிப் போகும், அதுவும் பிள்ளைக்கு ஆபத்து. பைக்கற்றில் எழுதியிருக்கிற அளவு, பெரும்பாலும் ஒரு லீட்டர் கொதித்தாறின தண்ணீர், முழுப் பைக்கற்றும் ஒரே தடவையில். கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேல் வயதென்றால் 100 முதல் 200. கரண்டியால், மெல்ல. போத்தலில் ஊற்றி மடக்கு மடக்காகக் கொடுத்தால் சத்தி எடுக்கும். சத்தி எடுத்தாலும் விடாமல், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கரண்டியைப் பிடிக்கச் சொல்லுங்கள். "குடிச்சதெல்லாம் சத்தியா வருது" என்று சொல்கிற தாய்மார் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மனம் விட்டுவிடுகிறார்கள்.

ஜீவனியோடு சிங்க் மருந்தும் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இலேயே சொல்லிவிட்டன. வயிற்றோட்டம் சீக்கிரம் நிற்கும், அடுத்த சில மாதத்துக்கு மறுபடி வருவதும் குறையும். வயிற்றோட்டம் நின்ற பிறகும் கொடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். தாய்ப்பால் நிற்கக் கூடாது, கூடத்தான் வேண்டும். சோறு, கஞ்சி, பருப்பு வழக்கம் போல. பால்மாவை மாற்றச் சொல்லி விலை கூடிய டின் ஒன்றை எடுத்துக் கொடுப்பதை விட, போத்தலை விட்டுவிட்டுக் கோப்பையும் கரண்டியும் பாவிக்கச் சொல்வது பெரிய உதவி. வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீரில் கழுவிய பால்போத்தலை விட மோசமான ஒன்றை மாரி காலத்தில் நான் கண்டதில்லை.

பெரியவர்களுக்குக் கொடுக்கிற, வயிற்றோட்டத்தை மறிக்கும் மாத்திரையைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், பாதியாக உடைத்தும் கொடுக்காதீர்கள். அது குடலை அசையாமல் கட்டிப்போடும். வயிறு ஊதும், கிருமியும் தண்ணீரும் உள்ளேயே நிற்கும், தாய்க்கோ நின்றுவிட்டது என்று நிம்மதி. சில சத்தி மருந்துகள் சின்னப் பிள்ளைக்குக் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கம் இழுத்துவிடும். அதைப் பார்த்துப் பேய் பிடித்தது என்று நூல் கட்ட ஓடிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். வயிற்றால் இரத்தம் போனால் அது வேறு கதை. அதற்கு அன்ரிபயோட்டிக் தேவைப்படும், ஆனால் எது, எவ்வளவு என்பதை வைத்தியர் பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, இருமலுக்கு வருவோம். மாரி தொடங்கினால் உங்கள் கடையில் ஆக அதிகம் போவது இருமல் பாணிதான் என்று எனக்குத் தெரியும். தடிமன், இருமல், கொஞ்சம் காய்ச்சல், பெரும்பாலும் வைரஸ், ஒரு கிழமை பத்து நாளில் போய்விடும். இரண்டு வயதுக்குக் கீழ்ப் பிள்ளைக்கு இருமல் தடிமன் பாணிகள் எதுவும் வேண்டாம். பலன் இல்லை, தூக்கக் கலக்கமும் மூச்சுத் தாழ்வும் வரலாம். 2022இல் காம்பியா நாட்டில் நச்சு கலந்த இருமல் பாணி குடித்த 60க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தார்கள். அவர்களின் தாய்மாரும் ஒரு சாதாரண இருமலுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு போதும். பிறந்து சில மாதமான பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது. பால் கொடுக்க முன் இரண்டு சொட்டு விட்டாலே பாதி அழுகை நிற்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்கு அரைக் கரண்டி தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. எங்கள் காட்டுத் தேன் எவ்வளவு சுத்தமென்றாலும் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து உடம்பைச் செயலிழக்கச் செய்யும்.

இருமல் கேட்டு வருகிறவரிடம் இருமலைப் பற்றிக் கேட்பதை விட மூச்சைப் பற்றிக் கேளுங்கள். நான் உங்களிடம் கேட்கும் இரண்டாவது காரியம் இதுதான். பிள்ளை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும் போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது மேல், ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. நெஞ்சுச்சளி நியூமோனியாவாக மாறியிருக்கலாம். மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தாலும், மூக்குத் துவாரம் விரிந்தாலும், முனகினாலும், பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு மூச்சு வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை என்பது இன்னும் பலருக்குத் தெரியாது.

ஒரு விடயம் இங்கே சொல்லியாக வேண்டும், இதை வைத்தியர்கள் வாட்டில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். கடும் வயிற்றோட்டத்தில் வற்றிப்போன பிள்ளையும் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கும். நெஞ்சில் ஒன்றும் இருக்காது, இரத்தத்தில் அமிலம் கூடியதால் வருவது. அதைச் சளி என்று நினைத்துச் சளி மருந்து வாங்க வருவார்கள். "வயித்தால போகுதா?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னொன்று, இரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு வரும் முட்டு. இரண்டு மூன்று நாள் மூக்கால் வடிந்து, பிறகு நெஞ்சில் விசில் போலச் சத்தம், இழுப்பு. அதிகம் இதைக் கொண்டு வருவது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்கும்தான் கூடும், அந்த நாட்களில் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும். அன்ரிபயோட்டிக்கால் இதில் ஒரு பலனும் இல்லை. மாறாக, சளிக்கென்று வீணாகக் கொடுத்த அன்ரிபயோட்டிக் நல்ல கிருமியையும் கொன்று வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். தடிமனோடு வந்த பிள்ளை நான்கு நாளில் வயிற்றோட்டத்துக்கு மருந்து கேட்டு அதே கடைக்குத் திரும்பி வரும். இந்தச் சுற்றை நான் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும். வயதைக் கேட்பதோடு எடையையும் கேளுங்கள், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. கிளினிக் கார்ட்டில் எடை எழுதியிருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் மாவட்டத்தில் மாரியும் டெங்குவும் ஒன்றாகத்தான் வரும். காய்ச்சல் பிள்ளைக்கு இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ, அந்த வகையில் பின்பக்கம் வைக்கும் மருந்தோ கொடுத்து, அது டெங்குவாக இருந்துவிட்டால் இரத்தக்கசிவில் போய் நிற்கும்.

இரண்டு மாதத்துக்குக் கீழ்ப் பிள்ளை என்று சொன்னால், காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருமலோ எதுவானாலும் ஒரு மருந்தும் கொடுக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. வெறும் ஜீவனியைக் கொடுத்தால் "இதுவா மருந்து?" என்று கேட்பார்கள். நீங்கள் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள். முதலாளிக்கு விற்பனைக் கணக்கு வேண்டும், அந்த நேரத்தில் பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் இல்லாமலும் இருக்கலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. வைத்தியர் எழுதாமல் அன்ரிபயோட்டிக் கொடுக்கக் கூடாது என்பது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது, அந்தத் தகப்பன் கேட்ட "நல்ல மருந்து" எது என்பதை நீங்கள் முடிவெடுங்கள் என்பது. "அண்ணா, புள்ளைக்கு நான் தர்ற ஆக நல்ல மருந்து இதுதான்" என்று ஜீவனியைக் கையில் வைத்துச் சொன்னால் அவர் கேட்பார். உங்கள் சொல்லுக்கு ஊரில் அந்த மதிப்பு இருக்கிறது. அதனால்தான் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு அவர் உங்களிடம் வந்திருக்கிறார்.

முதலாளிமாருக்கும் ஒரு சொல். ஜீவனியும் சிங்க்கும் அலுமாரிக்குப் பின்னால் கிடக்காமல் கவுண்டரில் கண்படும் இடத்தில் இருக்கட்டும், கார்த்திகை மார்கழியில் தீர்ந்துபோகாமல் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்து ரோட்டு மூடப்பட்டால் எங்கள் பக்கம் சில நாள் ஒரு பைக்கற்றும் வராது.

பெரிய எழுத்தில் நான்கு மட்டைகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஜீவனி கரைக்கும் அளவு, ஒன்றில் 60, 50, 40 என்ற மூச்சு எண்ணிக்கை, ஒன்றில் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள், ஒன்றில் 1990. மழை தொடங்க முன் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, ஆயித்தியமலை, வெல்லாவெளிப் பக்கக் கடைகளுக்கு நானே கொண்டு வருவேன். காத்தான்குடி, ஏறாவூர், செங்கலடி என்று கூப்பிட்டாலும் வருவேன். சுவரில் ஒட்ட ஒரு இடமும், ஒரு லீட்டர் போத்தலும், பின்னேரம் கூட்டம் குறைந்த நேரத்தில் அரை மணித்தியாலமும் தாருங்கள். கவுண்டரில் நிற்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒரு தடவை தங்கள் கையால் ஜீவனி கரைத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
படுவான்கரை